பாலிவோரில் ஆறரை வருஷம்: ஒரு கோத்தகிரி தையல்காரியின் கணக்கு

2011 ஐப்பசி மழையில் பாலிவோர் என்ற இணையதளத்தில் கணக்குத் தொடங்கினேன். கோத்தகிரியில் மழை பிடித்தால் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். மிஷினுக்கு உறை போட்டுவிட்டு, தம்பியின் பழைய கம்ப்யூட்டரில் ஏதோ கோட் டிசைன் தேடப் போனவள் பாலிவோருக்குள் விழுந்தேன். எழுந்தது 2018ல்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2007ல் பாஷா சத்ரி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய தளம். வெள்ளையாக ஒரு கட்டம் இருக்கும். எந்தக் கடையின் தளத்தில் இருக்கிற படத்தையும் கிளிப்பர் என்ற பொத்தானால் கத்தரித்துக்கொண்டு வரலாம். பின்னணியை எடுத்துவிட்டு, இழுத்து, சாய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். அடுக்கி முடித்ததற்குப் பெயர் செட். அதில் இருக்கும் செருப்பை யாராவது சொடுக்கிக் கடைக்குப் போய் வாங்கினால் தளத்துக்குக் கமிஷன். நான் ஒரு பொருளும் வாங்கியதில்லை. டாலர் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் படத்தோடு திருப்திப்பட்டுக்கொள்வேன்.

இந்தத் தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஜெஸ் லீ கதை. கூகுள் மேப்ஸில் வேலை பார்த்தவர், ராத்திரி பகலாக இங்கே செட் போட்டவர், என்னென்ன சரியில்லை என்று நிறுவனருக்கு எழுதி அனுப்பினார். அவர்கள் அவரையே வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு தலைமைப் பொறுப்புக்கே வந்தார். குறை சொல்லும் வாடிக்கையாளரை நான் அப்படிக் கூப்பிட்டிருந்தால் என் கடையில் இன்று நாற்பது பேர் இருப்பார்கள்.

சட்டை, பூட்ஸ், கைப்பை எல்லாம் வெண்ணெய் மாதிரி அமர்ந்தன. சேலையிடம்தான் பாலிவோர் தோற்றது. சட்டையைத் தட்டையாக விரித்துப் படம் எடுத்திருப்பார்கள். சேலை எப்போதும் ஒரு பெண்ணின் மேல்தான் இருக்கும். பின்னணியை நீக்கினால் கழுத்தும் கையும் கூடவே வரும். மடித்து வைத்த படத்தை எடுத்தாலோ தலையணை மாதிரிக் கிடக்கும். பல நாள் மல்லுக்கட்டிய பிறகு ஒரு வழி பிடித்தேன். பார்டரை மட்டும் நீளப் பட்டையாக வெட்டி இடது ஓரத்தில் நிறுத்துவேன், முந்தானையில் ஒரு சதுரம் மேலே, நடுவில் பிளவுஸ், கீழே கொலுசு. சேலையைப் பார்ப்பவர்களே மனசுக்குள் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். செர்பியாவிலிருந்து ஒருத்தி, முகம் தெரியாது, ஒவ்வொரு சேலை செட்டுக்கும் கீழே வந்து கேள்வி கேட்பாள். இது எத்தனை மீட்டர், ஊசி குத்துவீர்களா, நடக்கும்போது அவிழாதா. தெரிந்த இங்கிலீஷில் பதில் போடுவேன்.

அந்தப் பழக்கம் கத்தரிக்கோலுக்கும் வந்துவிட்டது. பச்சை பிளவுஸுக்குப் பச்சை பைப்பிங்தான் என்று நிற்கிற அம்மாவிடம் மாம்பழ மஞ்சளில் ஒரு விரல் அகலத் துண்டை எடுத்துக் கழுத்தோரம் வைத்துக் காட்டுவேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். செட் போட்டுப் போட்டு வந்த துணிச்சல் அது.

குறை இல்லாமலும் இல்லை. உள்ளே வரும் உடம்பெல்லாம் ஒரே மெலிசு, ஒரே நிறம். குழுக்கள் நடத்தும் போட்டிகளில் முக்கால்வாசி தெரிந்தவர்களுக்குள்ளேயே சுற்றும். நம் சொந்தப் படத்தை நேராக ஏற்றவும் வழியில்லை. முதலில் வேறெங்காவது ஏற்றி, அங்கிருந்து கிளிப் செய்ய வேண்டும்.

2015ல் யாஹூ வாங்கியது. 2017ல் யாஹூவே வெரைசன் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் கைக்குப் போனது. புகுந்த வீடு இரண்டு முறை கைமாறியது மருமகள்களான எங்களுக்கு உறைக்கவே இல்லை. செட் போட்டுக்கொண்டே இருந்தோம். 2018 ஏப்ரல் 5ஆம் தேதி, கனடாவின் மான்ட்ரியலில் இருக்கும் எஸ்சென்ஸ் என்ற உயர்விலை ஆடைக் கடை வாங்கிவிட்டதாக அறிவிப்பு. அன்றோடு தளமும் நின்றது. மறுநாள் காலை கடை திறக்கும் முன்னால் வழக்கம்போல முகவரியைத் தட்டினேன். எஸ்சென்ஸ் கடை வந்து நின்றது. தவறாக அடித்துவிட்டேனோ என்று மூன்று தடவை தட்டினேன்.

அவரவர் செட்டுகளைக் கேட்டு இறக்கிக்கொள்ள மே 15 வரை அவகாசம் இருந்தது. அதைக் கோட்டைவிட்டது நான்தான். கணக்கைத் தொடங்கிய மின்னஞ்சல் எப்போதோ வைத்தது, கடவுச்சொல் மறந்து வருஷக்கணக்காகிறது. அந்த நேரம் பார்த்துச் சித்திரை முகூர்த்தத் துணி வேறு மலையாகக் குவிந்திருந்தது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று மே 15 போய்விட்டது. நானூறுக்கு மேல் போட்டிருப்பேன். கையில் நிற்பது 38. அதுவும் யாருக்கோ காட்ட அவ்வப்போது திரையைப் படம் பிடித்து வைத்தவை. கீழே பேசிய பேச்சு ஒன்றிலும் இல்லை.

பிறகு அதே மாதிரித் தளங்களான யூஆர்ஸ்டைல், ஷாப்லுக் இரண்டிலும் சில மாதம் இருந்து பார்த்தேன். கருவி பரவாயில்லை. அந்தச் செர்பியாக்காரி இல்லை. இப்போது நீள நோட்டில் வெட்டுத்துணியைப் பசை போட்டு ஒட்டுகிறேன்.

அந்த 38ல் ஒன்று, அதிக விருப்பம் வாங்கிய என் செட். 2013ல் எங்கள் நீலகிரியின் தோடர் பழங்குடியினர் போடும் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சமயம், ஊட்டியில் வாங்கி வைத்திருந்த சால்வையைத் தரையில் விரித்துப் படமெடுத்து, கறுப்பு பூட்ஸுக்கும் சாம்பல் கோட்டுக்கும் நடுவில் வைத்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். சட்டம் பூட்டாமல், இழையை எண்ணி எண்ணிப் போடுவது என்று கீழே விளக்கமும் எழுதினேன். செர்பியாக்காரி அதை முழுக்கப் படித்துவிட்டு நாலு கேள்வி கேட்டாள்.

போன தையில் பக்கத்து மந்திலிருந்து, அதாவது தோடர் குடியிருப்பிலிருந்து, ஓர் அக்கா பைக்கு லைனிங் போட வந்தார். பெருமையாகப் போனை நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, உள்பக்கத்தக் காட்டி வச்சிருக்க?"

நூல் மேலெழும்பி முரடாக நிற்குமே, அந்தப் பக்கம்தான் அவர்களுக்கு வெளிப்பக்கமாம். வழுவழுவென்று இருந்ததால் நான் மற்றதை மேலே போட்டிருக்கிறேன். திருத்தி எழுதலாமென்றால் அந்தத் தளமே இப்போது இல்லை. செர்பியாக்காரியிடம் சொல்லவும் வழியில்லை.