கும்மிடிப்பூண்டியில் எட்டு போர்ஷன்களும் ஒரு நிர்வாகச் சேவையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும், ஆந்திர எல்லைக்கு அப்பால் தடாவை அடுத்த ஸ்ரீசிட்டி தொழில் நகரத்துக்கும் வேலைக்கு வருவோரை நம்பித்தான் இந்தப் பக்கத்தில் எட்டு, பத்து போர்ஷன்கள் கொண்ட கட்டடங்கள் எழும்புகின்றன. பேரூராட்சி எல்லைக்குள் எங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. நாங்கள் சென்னையில் இருப்பதால், அதன் பொறுப்பை ஒரு தனியார் நிர்வாகச் சேவையிடம் விட்டிருக்கிறோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த முறையில் தொழில் செய்வோர் பலர் இருப்பதால், ஒப்பந்தத்தின் விதிகளே பயன்படும்.

ஆள் பிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். தெலுங்கும் இந்தியும் பேசத் தெரிந்த ஊழியர் ஒருவர் இருப்பதால், நெல்லூர்ப் பக்கத்துக் குடும்பமானாலும் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்களானாலும் விதிமுறைகள் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும், அட்வான்ஸை மூன்று மாத வாடகையோடு நிறுத்திக்கொள்வதையும் அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

மின்சார விஷயத்தில் அவர்கள் காட்டும் கவனமும் பாராட்டத்தக்கது. இங்கே பல உரிமையாளர்கள் ஒரே இணைப்பு வாங்கி உள்ளே சப் மீட்டர் வைத்துவிடுகிறார்கள். வீட்டு இணைப்பு ஒன்றுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், எட்டு வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய சலுகை ஒரு வீட்டுக்குரியதாகச் சுருங்கிவிடுகிறது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அடுக்கும் உயர்கிறது. அந்தச் சுமை குடித்தனக்காரர் தலையில் விழ, அவர் வேறு வீடு பார்க்கத் தொடங்குவார். எங்கள் கட்டடத்தில் போர்ஷனுக்கு ஒரு மீட்டரும், மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் தனி மீட்டரும் இருக்கின்றன. ஒருவர் காலி செய்யும் நாளில் மீட்டர் அளவைப் படமெடுத்து எங்களுக்கும் அவருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அதனால் அட்வான்ஸைத் திருப்பும்போது வாக்குவாதம் எழுவதில்லை.

குறை கட்டண அமைப்பில் இருக்கிறது. வசூலாகும் வாடகையில் 8 சதவீதம் அவர்களுக்கு. போர்ஷனுக்கு 6,000 ரூபாய் வீதம் எட்டும் நிரம்பியிருந்தால், 48,000 ரூபாயில் 3,840 ரூபாய் போகிறது; செய்யும் வேலைக்கு இது நியாயமே. ஆனால் புதிதாக ஆள் வைக்கும்போதெல்லாம் அரை மாத வாடகையும் தரகாகத் தர வேண்டும். ஒரே குடும்பம் மூன்று ஆண்டு இருந்தால் அந்த 3,000 ரூபாய் ஒருமுறைதான்; ஆண்டுக்கு ஒருவர் மாறினால் மூன்று முறை. வெள்ளையடிப்பும் பூட்டிக் கிடக்கும் மாதமும் உரிமையாளருக்கு நட்டம், அவர்களுக்கோ புதுத் தரகு வரவு! பதினொரு மாதத்துக்குள் காலியானால் அடுத்தவரை வைப்பதற்குத் தரகு கிடையாது என்ற வரியைப் புதுப்பிக்கும்போது கேட்டோம்; சற்றுத் தயங்கிச் சேர்த்துக்கொண்டார்கள்.

மாதக் கணக்கில் ‘இதர செலவு’ என்ற தலைப்பும் கவனிக்க வேண்டியது. மோட்டார் கெப்பாசிட்டர், டேங்க் கழுவிய கூலி என்று 1,200 ரூபாய் ரசீதில்லாமல் வந்தது. கேட்ட பிறகே ரசீது வந்தது.

வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொத்து வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் மொத்தமாகக் கழித்துவிட்டு, மீதிக்கே வரி போடுகிறது. கடன் வட்டியைத் தவிர, பழுதுபார்ப்பு, நிர்வாகக் கட்டணம் எதையும் தனியாகக் கழிக்க இயலாது. சேவையின் கூலி அந்த முப்பதுக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதைத் தரகர்கள் சொல்லும் வருமானக் கணக்கில் காண முடியாது.

வெளியூரில் இருந்துகொண்டு ஆறு போர்ஷனுக்கு மேல் வைத்திருப்போர், தரகு விதியைத் திருத்தி எழுதி வாங்கிக்கொண்டு இத்தகைய சேவையை எடுக்கலாம். மூன்று நான்கு போர்ஷன் மட்டும் உள்ள உள்ளூர்க்காரருக்கு ஒரு நம்பகமான பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் போதும்.