பார்ட்டி பிளானிங் தொழிலுக்கு ‘முத்ரா லோன் உத்தரவாதம்’ என்று முன்பணம் கேட்கிறார்களா? கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பிறந்தநாள், வளைகாப்பு, காதுகுத்து மாதிரி வீட்டு விசேஷங்களுக்கு டெக்கரேஷன் செய்து கொடுக்கும் சின்னத் தொழில் எங்களுடையது. நானும் தம்பியும் தாம்பரம் பக்கம் நடத்துகிறோம். டெக்கரேஷனோடு சாப்பாடு, போட்டோ, சவுண்ட், ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாவற்றையும் சேர்த்து முழு பார்ட்டியையும் ஒரே ஆர்டராக எடுத்துச் செய்யலாம் என்று கடனுக்கு முயற்சி செய்தோம். அந்த முயற்சியில் ஒரு நிறுவனம் எங்களிடம் 60,000 ரூபாயைப் பறித்துக்கொண்டது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இருக்காது, ஏனென்றால் இதே முறையை வேறு வேறு பெயர்களில் பலர் நடத்துகிறார்கள். அதனால் முறையைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வந்தது. ‘ஈவென்ட் பிசினஸ் தொடங்க பயிற்சி, பிராண்ட், மாதாமாதம் ஆர்டர், 20 லட்சம் வரை முத்ரா லோன் உத்தரவாதம், எல்லாம் எங்கள் பொறுப்பு’ என்று போட்டிருந்தார்கள். நம்பரைக் கொடுத்ததும் ஒரு பெண் அழைத்தார். “பட்ஜெட்லயே 20 லட்சமா ஏத்திட்டாங்க அக்கா, உங்களுக்கு 10 லட்சம் கண்டிப்பா வாங்கிடலாம்” என்றார். முத்ரா என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் கடன் திட்டம், அதன் உச்சவரம்பை உயர்த்தி 2024 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது உண்மைதான். ஆனால் அந்த 20 லட்சம், முத்ராவில் 10 லட்சம் வரை தரும் ‘தருண்’ பிரிவில் ஏற்கெனவே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு மட்டும். இவர்கள் பேச்சு முழுக்க இப்படித்தான் இருக்கும். பாதி உண்மையாக இருக்கும். அந்தப் பாதியை நீங்கள் கூகிளில் தேடினால் சரியாகவே வரும், நம்பிக்கையும் வந்துவிடும்.

பணத்தை மொத்தமாகக் கேட்கவே இல்லை. முதலில் ஃபைல் சார்ஜ் 3,500. அப்புறம் சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழுக்கு 2,500. ஆடிட்டரிடம் புராஜெக்ட் ரிப்போர்ட் போட 9,000. கடைசியில், “பேங்க்ல பிராண்ட் சப்போர்ட் இருக்கான்னு பாப்பாங்க” என்று சொல்லிப் பயிற்சிக்கும் பிராண்டுக்குமாக 45,000. ஒவ்வொரு தொகைக்கும் ஒரு காரணம், ஒரு ரசீது. ரசீதில் கம்பெனி பெயர் இருந்தது, ஆனால் ஜிபே செய்யச் சொன்ன நம்பர் ஒரு தனிநபருடையது. அந்த 45,000 அம்மாவின் வளையலை அடகு வைத்த பணம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் என்ன நகை இருக்கிறது, சீட்டு எப்போது முடிகிறது என்றெல்லாம் அந்தப் பெண் பேச்சுவாக்கில் எங்களிடம் விசாரித்து வைத்திருந்தார். கடன் கேட்டு வருபவரின் கையில் எவ்வளவு தேறும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் அடுத்த கட்டணத்தை முடிவு செய்கிறார்கள்.

இரண்டு நாள் பயிற்சி என்றார்கள். ஒரு ஹோட்டல் ஹாலில் உட்காரவைத்து ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். பட்ஜெட் போடுவது, வெண்டரிடம் ரேட் பேசுவது, மழை வந்தால் மொட்டைமாடி விசேஷத்தை என்ன செய்வது என்று இந்தத் தொழிலுக்கு நிஜமாகவே தேவையான எதையும் யாரும் பேசவில்லை. ‘கிட்’ என்று கொடுத்த பேக்டிராப் ஸ்டாண்ட் துணியைக் கட்டியதும் வளைந்தது. பலூன்கள் பழைய ஸ்டாக், பம்பில் வைத்ததுமே வெடித்தன. ‘மாதாமாதம் ஆர்டர்’ என்று அனுப்பிய எக்செல் ஷீட்டில் இருந்த நம்பர்களுக்குத் தம்பி வரிசையாகப் போன் செய்தான். எடுத்தவர்கள் பலர், “குழந்தை பிறந்தநாள் போன வருஷமே முடிஞ்சிருச்சே” என்றார்கள். எங்கிருந்தோ வாங்கிய பழைய பட்டியல் அது.

அதற்குள் வாட்ஸ்அப்பில், கடன் ஒப்புதல் ஆகிவிட்டது என்று சாங்ஷன் லெட்டர் வந்துவிட்டது. மேலே பிரதமர் படம், முத்ரா லோகோ, கீழே சீல், கையெழுத்து, 10 லட்சம் ரூபாய். கூடவே, லோன் இன்ஷூரன்ஸுக்கு 18,500 கட்டினால் அன்றைக்கே பணம் வந்துவிடும் என்று ஒரு குறிப்பு. லெட்டரில் போட்டிருந்த வங்கிக் கிளை எங்களுக்குப் பக்கம்தான் என்பதால், கட்டுவதற்கு முன் அங்கே கொண்டுபோய்க் காட்டினோம். மேனேஜர் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “யாரும்மா இதைக் கொடுத்தது? எங்க பேங்க் லெட்டரே இல்லை” என்றார். உங்கள் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்றும் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார். இந்த மாதிரிக் கடிதங்களைப் பற்றி மத்திய அரசின் பிஐபி உண்மை கண்டறியும் பிரிவு பலமுறை எச்சரித்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மேனேஜர் பொறுமையாக உட்காரவைத்து விளக்கினார், அவருக்கு நன்றி. முத்ரா என்ற நிறுவனம் யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. வங்கிகளும் மைக்ரோ ஃபைனான்ஸ், நிதி நிறுவனங்களும்தான் கொடுக்கின்றன. ஏஜென்ட் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை என்று முத்ரா தன் தளத்திலேயே சொல்லியிருக்கிறது. ‘சிசு’ 50,000 வரை, ‘கிஷோர்’ அதற்கு மேல் 5 லட்சம் வரை, ‘தருண்’ 10 லட்சம் வரை. அடமானம் கேட்கக் கூடாது. அதற்காகக் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. வரவு செலவு, பழைய கடன் எப்படிக் கட்டினோம் என்பதை வங்கி பார்க்கும், மறுக்கவும் செய்யும். ஆகவே வங்கிக்கு வெளியே இருக்கும் எவராலும் உத்தரவாதம் தர முடியாது. பொருள் வாங்கத் தரும் கடனைப் பெரும்பாலும் கொட்டேஷன் கொடுத்த கடைக்கே நேராக அனுப்புவார்கள்.

பணம் போனதைவிட எங்களை அதிகம் பாதித்த விஷயம் வேறு. ஃபைலுக்கு என்று ஆதார், பான், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் வாங்கியிருந்தார்களே, அவற்றை வைத்து எங்களைக் கேட்காமலேயே பல தனியார் நிதி நிறுவனங்களில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில், கடன் நிறுவனங்கள் எங்களைப் பற்றிக் கேட்ட விசாரணைப் பதிவுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. குறுகிய காலத்தில் இத்தனை விசாரணை இருந்தால் ஸ்கோர் இறங்கும், நிஜமாகவே கடன் கேட்கப் போகும்போது வங்கி தயங்கும். யாரிடமாவது பான் நகல் கொடுத்திருந்தால் உடனே உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிபில் மாதிரி கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் ஒவ்வொரு கிரெடிட் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்களுக்குத் தெரியாத பதிவு இருந்தால் அங்கேயே ஆட்சேபம் எழுப்பலாம்.

உத்யம் பதிவிலும் வேலையைக் காட்டியிருந்தார்கள். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவுக்கு அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. ஆதாரும் பானும் ஓடிபி வரும் போனும் இருந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாம். ‘உத்யம்’ என்று தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்களும் வரும், முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சான்றிதழில் தொழில் வகையைத் தவறாகப் போட்டதோடு, மொபைல், மின்னஞ்சல் இரண்டும் அவர்களுடையதையே கொடுத்திருந்தார்கள். அதைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போனோம். இதை முதலிலேயே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். சுயதொழில் தொடங்க மத்திய அரசு நடத்தும் பிஎம்இஜிபி, வேலையில்லாத இளைஞர்களுக்கு மாநில அரசு நடத்தும் யுஒய்இஜிபி போன்ற மானியக் கடன்களுக்கு எங்கே, எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று அங்கேயே சொல்கிறார்கள், விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பிஎம்இஜிபியில் நகரத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்குத் திட்டச் செலவில் 25 சதவீதம் மானியம், கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம். ஆனால் மானியம் ரொக்கமாகக் கைக்கு வராது. வங்கியில் உங்கள் கடன் கணக்கோடு சேர்த்து 3 வருடம் டெபாசிட்டாக நிற்கும், தொழில் ஒழுங்காக நடந்தால் பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். “மானியத்தை முதலிலேயே கையில் வாங்கித் தருகிறோம், அதில் பாதி எங்களுக்கு” என்று ஒருவர் பேரம் பேசினால் அவர் சொல்வது பொய் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்தத் தொழிலைத் தொடங்க 10 லட்சம் தேவையே இல்லை. வீட்டு பிறந்தநாள் ஆர்டருக்குப் பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்குகிறோம், பலூன், ஃபாயில் எழுத்து, பூ எல்லாம் அதிலேயே வாங்கிவிடலாம். பாரிமுனை காசி செட்டித் தெரு பக்கம் மொத்த விலைக்குக் கிடைக்கிறது. நாற்காலி, சவுண்ட், லைட் எல்லாம் வாடகைக்கு வரும், சமையலுக்குத் தெரிந்த கேட்டரிங் ஆட்கள் உண்டு. நல்ல ரிங் ஸ்டாண்ட் இரண்டு, எலக்ட்ரிக் பம்ப், சில துணிகள், பொருள் ஏற்ற ஒரு வண்டி ஏற்பாடு, இவ்வளவுக்கும் ‘சிசு’ தொகையோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ போதும். பெரிய தொகை எப்போது வேண்டும் என்றால், கம்பெனி ஆர்டர் எடுத்து, அவர்கள் பில் பணத்தைத் தாமதமாகத் தரும் நிலைக்கு வரும்போது. அந்த நேரத்தில் உங்கள் கணக்கில் வரவு செலவு இருக்கும், வங்கியும் நம்பிப் பேசும். ஆரம்பிக்கும் முன்பே பெரிய தொகையைக் காட்டி ஆசை மூட்டுகிறவருக்கு உங்கள் தொழிலில் அக்கறை இல்லை. தொகை பெரிதாக இருந்தால்தான் 45,000 கேட்கும்போது அது சின்னதாகத் தெரியும் என்பதுதான் அவர் கணக்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அக்ரிமென்டைக் காட்டினார்கள். ‘சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது, கடன் வழங்குவது வங்கியின் முடிவுக்கு உட்பட்டது’ என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். விளம்பரத்தில் இருந்த ‘உத்தரவாதம்’ அக்ரிமென்டில் எங்குமே இல்லை. அதற்குப் பிறகு நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் முதலில், அக்ரிமென்ட் போட்டிருப்பதால் இது சிவில் விவகாரம் என்றார்கள். வங்கி பெயரில் போட்ட போலிக் கடிதத்தைத் தனியாக எடுத்துக் காட்டியதும் பேச்சு மாறியது, புகாரை வாங்கிக்கொண்டு, அதைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். நீங்களும் போனால் அந்தக் கடிதத்தை முதலில் நீட்டுங்கள். சைபர் கிரைம் தளத்திலும் பதிவு செய்திருக்கிறோம். பணம் இப்போதுதான் போனது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அழையுங்கள், போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகவும் புகார் போயிருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

ஒரே கும்பல் மீது பல புகார் சேர்ந்தால் வேகம் கூடும் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ஈவென்ட் பயிற்சி, பிராண்ட், லோன் என்று சேர்த்துச் சொல்லி யாரிடமாவது நீங்களும் பணம் கட்டியிருந்தால், அவர்கள் பிளாக் செய்வதற்குள் வாட்ஸ்அப் உரையாடலை முழுசாக எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ஸ் மெசேஜையும் ஜிபே ரசீதையும் அழிக்காதீர்கள், விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எங்கள் புகாரில் இருக்கும் அந்த விளம்பரத்தை அவர்கள் இப்போது எடுத்துவிட்டார்கள், தம்பி போனில் மட்டும்தான் இருக்கிறது.