‘யானை தானாக வரைந்த ஓவியம்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தாய்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்களும், இணையத்தில் யானை ஓவியம் தேடிக்கொண்டிருக்கிறவர்களும் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அங்கே ஒரு யானை முகாமில் பூத்த மரம் ஒன்றின் படத்தை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். “இவள் மனதில் தோன்றுவதை வரைகிறாள், யாரும் சொல்லித் தருவதில்லை, ஒரு படம் போல இன்னொன்று வராது” என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதையே சான்றிதழிலும் அச்சடித்து, யானையின் பெயரைப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். நான் காசு கொடுத்தது அந்த வாக்குறுதிக்குத்தான். வெறும் மரப் படம் வேண்டுமென்றால் எங்கேயும் கிடைக்கும்.

சில மாதம் கழித்து என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் அதே முகாமுக்குப் போய் வந்தார். இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இடப்பக்கம் சாய்ந்து மேலே நிமிரும் அதே தண்டு. ஒடிந்தது போலக் கீழே இறங்கும் அதே கிளை. அதன் நுனியில் அதே சிவப்புப் புள்ளிகள். யானையின் பெயரும் ஒன்று, சான்றிதழ் வாசகமும் எழுத்து மாறாமல் ஒன்று.

அன்று எடுத்த வீடியோவை மறுபடி போட்டு, இந்த முறை தும்பிக்கையை விட்டுவிட்டுப் பாகனின் கையைப் பார்த்தேன். எல்லாம் அங்கேதான் நடக்கிறது. பிரஷை வண்ணத்தில் தோய்த்துத் தும்பிக்கை நுனியில் செருகுவது அவர். அப்புறம் யானையின் காதோரமாக ஒட்டி நின்றுகொள்கிறார். கூட்டத்துக்கு அது பாசமாகத் தடவிக் கொடுப்பது போலத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் அந்தக் கை காதைப் பிடித்து அசைக்கிறது. தண்டு போடும்போது மேலும் கீழுமாக, கிளைக்குப் பக்கவாட்டில், பூ வைக்கும்போது முன்னால் கேன்வாஸ் பக்கமாக. குழந்தையின் கையைப் பிடித்து ‘அ’ எழுத வைத்துவிட்டுக் குழந்தையே எழுதியது என்று சொல்வதைப் போலத்தான் இது.

இது நான் மட்டும் கண்டுபிடித்த விஷயம் இல்லை. விலங்கு நடத்தை ஆய்வாளர் டெஸ்மண்ட் மோரிஸ் தாய்லாந்தில் இப்படி ஒரு காட்சியை நேரில் பார்த்துவிட்டு, 2009-ல் இதே காது விவரத்தை எழுதியிருக்கிறார். ஒரு யானை நாள்தோறும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் போடுகிறது என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். என்ன வரைவது என்பது பாகனின் முடிவு. யானையின் பங்கு, அதிசயமான தசைக் கட்டுப்பாடும் காதில் படும் தொடுகையை நினைவில் வைத்திருக்கும் திறமையும்தான். அதுவே பெரிய விஷயம். அதை அப்படியே சொல்லி விற்றிருந்தால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

முகாமுக்கு இரண்டு படங்களின் புகைப்படத்தையும் அனுப்பிக் கேட்டேன். “அது அவளுடைய பாணி, ஓவியர்கள் பிடித்ததைத் திரும்ப வரைவது சகஜம்” என்று பதில் வந்தது. ‘ஒரு படம் போல இன்னொன்று வராது’ என்று நீங்களே எழுதிக் கொடுத்தீர்களே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பணமும் திரும்பவில்லை.

அந்த முகாமின் விளம்பரத் தாளில் காங்கோ என்ற சிம்பன்சியின் பெயரும் இருந்தது. அதுதான் எனக்கு அதிகக் கோபம். 1950-களில் மோரிஸிடம் இருந்த காங்கோ சுமார் 400 படங்கள் போட்டது. 1957-ல் லண்டனில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. 2005-ல் அங்கே நடந்த ஏலத்தில் மூன்று படங்கள் 14,400 பவுண்டுக்குப் போயின. ஆனால் காங்கோவின் கையையோ காதையோ யாரும் பிடித்து நடத்தவில்லை, வரைந்ததற்குத் தின்பண்டமும் கொடுக்கவில்லை. பாதியில் தாளை எடுத்தால் கத்தி ரகளை செய்யும். தனக்கு முடிந்துவிட்டது என்றால், வற்புறுத்தினாலும் தொடாது. தாளின் ஒரு பக்கத்தில் ஏதாவது வடிவம் இருந்தால் எதிர்ப்பக்கத்தில் கோடு போட்டுச் சமன் செய்யப் பார்க்கும். அதில் மரமும் இல்லை, பூவும் இல்லை. ஆனாலும் அந்தக் கிறுக்கலில் அந்த விலங்கின் விருப்பம் ஏதோ இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வரைந்தால் தீனி என்று பழக்கப்படுத்தப்பட்ட ஒரு குரங்கைப் பற்றியும் மோரிஸ் எழுதியிருக்கிறார். கொஞ்ச நாளிலேயே அது ஏனோதானோ என்று நாலு கோடு இழுத்துவிட்டுக் கையை நீட்ட ஆரம்பித்துவிட்டதாம். காங்கோவின் பெயரைச் சொல்லிக் காதைப் பிடித்து வரையவைத்த மரத்தை விற்பது, வாங்குகிறவரோடு சேர்த்து அந்தச் சிம்பன்சியையும் அவமதிப்பது.

“வரைவது யானைக்குப் பொழுதுபோக்கு, மன அமைதி” என்றும் சொல்வார்கள். மெல்போர்ன் விலங்குக் காட்சிசாலையில் 4 ஆசிய யானைகளைக் கவனித்து 2014-ல் வெளியான ஆய்வு, வரைவதால் அவற்றின் மன அழுத்த நடத்தைகள் குறைந்ததாகக் காணவில்லை. பலன் பார்க்கிற மனிதருக்குத்தான் என்கிற முடிவுக்கே அது வந்தது. சுற்றுலாவுக்காகக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டிவைத்துப் பழக்கும் வழக்கமும் தாய்லாந்தில் பதிவாகியிருக்கிறது. என் பணம் அதற்கும் போயிருக்கலாம் என்பது என்னை உறுத்துகிறது.

ஆகவே, படத்தில் பூ, மரம், யானை என்று அடையாளம் தெரிகிற உருவம் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அதே யானையின் பழைய படங்களைக் காட்டச் சொல்லுங்கள். பாகன் தள்ளி நின்றால் அது வரையுமா என்று கேளுங்கள். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், யானையின் முழுத்தலையும் பாகனின் இரண்டு கைகளும் தெரிகிற, வெட்டாத வீடியோ கேளுங்கள். தும்பிக்கை நுனியை மட்டும் காட்டும் வீடியோவை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இரண்டு படங்களையும் ஆதாரமாக இணைத்திருக்கிறேன். இடப்பக்கம் சாய்ந்த தண்டும் ஒடிந்த கிளையும் சிவப்புப் பூவும் உள்ள படம் வேறு யாரிடமாவது இருந்தால், சான்றிதழோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.