பழைய கார் கார்புரேட்டர்: கழுவுவதா, மாற்றுவதா?

காசிமேட்டு உப்புக்காற்றில் மாதக்கணக்கில் நின்ற கார், ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) அணைந்து வேகத்தில் மட்டும் நன்றாக ஓடினால், பெரும்பாலும் ஐடில் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்புதான். அதற்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரையே புதிதாக வாங்குவது வீண்செலவு. ஐடில் ஜெட்டுக்குச் சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) உள்ள மாடலில், சாவி திருப்பும்போது ‘டிக்’ என்கிறதா என்று முதலில் கேளுங்கள்; சத்தமில்லை என்றால் வயரைப் பாருங்கள். ஜெட்டில் கம்பி விடவே கூடாது, துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்து, காற்றால் ஊதினால் போதும். பெட்ரோல் வழிந்து கரும்புகை வந்தால் நீடில் வால்வு (உள்ளே வரும் பெட்ரோலை அளவோடு நிறுத்துவது), கேஸ்கெட் அடங்கிய ரிப்பேர் கிட் போடலாம்.

த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காற்றுவழித் தகட்டைத் திருப்பும் அச்சு) தேய்ந்து ஆடினால் கதை வேறு. ஓடும் எஞ்சினில் ஷாஃப்ட் ஓரம் கிளீனரை லேசாக அடியுங்கள்; தீப்பற்றும், கவனம். சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. கிட் அதைச் சரிசெய்யாது. ஷாஃப்டைத் தாங்கும் புது வளையம் (புஷ்) போட ஆளில்லை என்றால் மாற்றுவதே சரி.