ஏசி குளிரவில்லை என்றதும் கொம்பிரசருக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் கார் ஏசி திருத்தக் கொடுக்கப்போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். சில கராஜ்களில் குளிரவில்லை என்றதும் ஏசிக்குக் குளிர் தரும் காஸை அடிப்பது, அதற்கும் சரிவராவிட்டால் அந்தக் காஸை அமுக்கிச் சுற்றவிடும் கொம்பிரசரைக் கழற்றுவது. ஏன் குளிரவில்லை என்று மட்டும் பார்ப்பதில்லை. இப்படி வேலை செய்த ஒரு இடத்தில் எனக்கு 70,000 ரூபாவுக்கு மேல் போனது. பழுது கடைசிவரை அப்படியே இருந்தது.

எங்களுடையது பழைய ஹொண்டா ஃபிட். அம்மாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா). சுன்னாகத்திலிருந்து பெரியாஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது கண்ணாடியைத் திறந்தால் புழுதியும் பஸ் புகையும் அவருக்கு ஒத்துவராது. அதனால் எங்கள் வீட்டில் ஏசி என்பது ஆடம்பரம் இல்லை. சித்திரை வெயிலில் அது சரியாகக் குளிராமல் போனது. கே.கே.எஸ் வீதியில் ஓடும்போது குளிர் வரும். ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் நின்றால் கொஞ்ச நேரத்தில் சூடான காற்று. மறுபடி ஓடத் தொடங்கினால் குளிரும். இதைத் தெளிவாகக் கராஜில் சொன்னேன். பழுது எங்கே என்பதற்கான துப்பு முழுவதும் அதில்தான் இருந்தது. அவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"அண்ணை, காஸ் முடிஞ்சிட்டுது. அடிச்சா சரி" என்றார் அங்கிருந்தவர். எஞ்சின் நிற்கும்போதே காஸின் அமுக்கம் காட்டும் மீற்றரைப் பூட்டி, "பாருங்கோ, குறைவு" என்று காட்டினார்.

எஞ்சின் நிற்கும்போது மீற்றர் காட்டும் எண்ணை வைத்து உள்ளே எவ்வளவு காஸ் இருக்கிறது என்று சொல்ல முடியாது. எங்களுடையது போன்ற கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற காஸ். அது 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ அமுக்கம் காட்டும். உள்ளே கொஞ்சமாவது திரவமாக இருக்கும்வரை, காஸ் பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் அதே எண்தான். வெயில் ஏறினால் எண்ணும் ஏறும், அவ்வளவுதான். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, இரண்டு பக்கத்து முள்ளையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது விளங்கும். எங்கள் ஊர் வெக்கையில் நல்ல நிலையில் உள்ள ஏசி என்றால் தாழ் அமுக்கப் பக்கம் 30 முதல் 45, உயர் அமுக்கப் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை நிற்கும்.

இன்னொன்று. பெற்றோல் முடிவதுபோல ஏசி காஸ் முடியாது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. றப்பர் குழாய் வழியே பல வருடத்தில் சிறிதளவு கசியலாம். மற்றப்படி குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்றுதான் அர்த்தம். காஸோடு ஒயிலும் சுற்றுவதால் லீக் ஆகும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய அழுக்கும் தெரியும். கடற்காற்று அடிக்கும் காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கார்களில், காஸின் சூட்டை வெளியேற்ற முன்பக்கத்தில் இருக்கும் கொண்டென்சர் உப்பில் அரித்து ஓட்டை விழும். நைதரசன் அடித்துச் சோதிக்கலாம், ஒளிரும் சாயம் விட்டுப் பார்க்கலாம். லீக் தேடாமல் காஸ் மட்டும் அடிப்பவர் உங்களை அடுத்த மாதமும் வரச் சொல்கிறார்.

சரி, காஸ் அடித்தார்கள். பின்னேரம் வீதியில் ஓட்டிக் காட்டினார்கள், குளிர்ந்தது. முன்பும் ஓடும்போது குளிர்ந்ததுதானே! மறுநாள் மத்தியானம் நெரிசலில் பழையபடி சூடு. திரும்பக் கொண்டுபோனேன். பொனற்றைத் திறந்து, கொம்பிரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளச் டக் டக் என்று விட்டுவிட்டுப் பிடிப்பதைக் காட்டி, "கொம்பிரசர் அடிச்சிட்டுது அண்ணை, மாத்தாட்டி எஞ்சினுக்கும் பிரச்சினை" என்றார்கள். அம்மாவின் அடுத்த கிளினிக் நாள் நெருங்கியிருந்தது. மாற்றச் சொன்னேன். றீகொண்டிஷன் கொம்பிரசர் ஒன்று போட்டார்கள். அதே இடத்தில், அதே வெயிலில், அதே சூடான காற்று. மூன்றாவதாக, டாஷ்போர்ட் முழுவதையும் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும், அதற்குத் தனிக் காசு என்றார்கள். அங்கிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாவகச்சேரியில் ஏசி திருத்தும் ஒரு வயதான பாஸ் இருக்கிறார் என்று உறவுக்காரர் ஒருவர் அனுப்பினார். அவர் மீற்றரைத் தொடுவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, முன்பக்கம் குனிந்து பார்த்தார். எங்கள் காரில் இரண்டு ஃபான். றேடியேற்றருக்கு ஒன்று, ஏசியின் கொண்டென்சருக்கு ஒன்று. கொண்டென்சர் ஃபான் சுற்றவில்லை. பியூஸும் றிலேயும் நல்லாக இருந்தன. ஃபான் மோட்டருக்குள் மின்சாரம் கடத்தும் பிரஷ் தேய்ந்து முடிந்திருந்தது.

பிறகு மீற்றரைப் பூட்டினார். கார் நின்றபடி ஓட, உயர் அமுக்கம் 350-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. அளவு மீறியதும் பாதுகாப்பு சுவிட்ச் கொம்பிரசரை நிறுத்திவிடும், இறங்கியதும் மறுபடி பிடிக்கும். நான் கேட்ட அந்த டக் டக் இதுதான். அளவுக்கு மேல் அடித்திருந்த காஸ் நிலைமையை இன்னும் மோசமாக்கியிருந்தது. ஒரு போத்தல் தண்ணீரைக் கொண்டென்சரில் மெதுவாகத் தெளித்தார். உள்ளே உடனே குளிர் வந்தது. ஓடும்போது எதிர்க்காற்று செய்த வேலையைத் தண்ணீர் செய்தது.

தேய்ந்த கொம்பிரசரும் நிற்கும்போது குளிராமல், ஓடும்போது குளிரும். அதனால் அறிகுறி ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றும் அவர் சொன்னார். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. காரை நிறுத்தி வைத்து எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கொண்டுபோங்கள். குளிர் கூடினால் கொம்பிரசரிலோ காஸ் அளவிலோ சந்தேகப்படலாம். கூடாமல், தண்ணீர் தெளித்தால் மட்டும் கூடினால் ஃபானையும் கொண்டென்சரில் அடைத்த அழுக்கையும் பாருங்கள். காற்றே மெல்லிதாக வந்தால் அது வேறு கதை. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் உள்ள பில்ற்றரைக் கழற்றிப் பாருங்கள், வலிகாமத்துச் செம்புழுதி அதை அடைத்துவிடும்.

ஃபான் மோட்டர் மாற்ற 10,000 ரூபாகூட ஆகவில்லை. மிஞ்சிய காஸை எடுத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் வக்கியூம் பம்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, பொனற்றுக்குக் கீழே ஸ்ரிக்கரில் எழுதியிருக்கும் கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்து அடித்தார். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 400 முதல் 600 கிராமுக்குள். தராசு இல்லாத இடத்தில் காஸ் அடிக்காதீர்கள்.

என் பழைய கொம்பிரசரைக் கேட்டு முதல் கராஜுக்குப் போனேன். இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அதற்கும் விலை இருக்கிறது, அது என்னுடைய சாமான். கழற்றும் எதையும் கையில் தருவதாக வேலை தொடங்கும் முன்பே சொல்ல வையுங்கள், முடிந்தால் வட்ஸ்அப்பில் எழுத்தில்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அவற்றில் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதற்கு மின்கடத்தாத தனி ஒயில் வேண்டும். சாதாரணக் கார் ஏசி ஒயில் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு கெட்டு, கொம்பிரசரே உண்மையில் வீணாகலாம். எந்த ஒயில் விடுகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காரைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே எங்கள் வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி வயதான கார்கள். இந்தப் பழுது இன்னும் பல பேருக்கு வரும். அந்த முதல் கராஜின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, ஆனால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறேன். அவர்களின் இலக்கம் 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பில் கேட்டதற்குத் தொகையை மட்டும் கிறுக்கித் தந்த துண்டுக் காகிதத்தையும், கொம்பிரசர் பற்றி அவர்கள் அனுப்பிய குரல் பதிவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். உங்களிடமும் அப்படி ஒரு துண்டு இருந்தால் எறியாமல் வைத்திருந்து முறையிடுங்கள்.