கூரை கழுவித் தருகிறோம் என்று கதவைத் தட்டினால்

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்பு) தாமானாகக் கூரை கழுவுகிறவர்களின் வேன் சுற்ற ஆரம்பித்துவிட்டது என்று நேற்று பாசாரில் பேசிக்கொண்டார்கள். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். போன வருஷம் இதே சமயத்தில் கூரை கழுவ வந்தவர்களிடம் நான் 1,300 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிட ஓடு போனதுதான் பெரிய நஷ்டம்.

எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய தாமானில் இருக்கிறது. லயன் வீட்டை விட்டு வெளியேறியபோது மாமனார் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கியது. சிமெண்டு ஓடு, அடியில் அலுமினியத் தாள் எதுவும் கிடையாது. இத்தனை வருஷ மழையில் ஓடு கறுத்துப்போய், மாமர நிழல் விழுகிற இடத்தில் பச்சையாகப் பாசியும் படிந்திருந்தது. ஒழுகவில்லை. பார்க்கத்தான் நன்றாக இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் வந்தார்கள். நம்ம பிள்ளைகள், நல்லாத் தமிழ் பேசினார்கள், எனக்கு அதுவே பாதி நம்பிக்கை. "அக்கா, உங்க ஓட்டைப் பாசி அரிச்சுக்கிட்டு இருக்கு. இப்படியே விட்டா ரெண்டு வருஷத்துல மொத்தமும் மாத்தணும்." கைப்பேசியில் வேறு வீட்டுக் கூரைகளைக் காட்டினார்கள். பளபளவென்று செங்கல் நிறம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிற மிஷினில் கழுவி, பெயிண்ட் அடித்து, பத்து வருஷ கேரண்டி. 1,800 வெள்ளி கேட்டு 1,500-க்கு இறங்கினார்கள். முன்பணம் 800.

அத்தை ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "மழைக்காலத்துல கூரையில ஏம்மா கை வைக்கிறே?" நான் கேட்கவில்லை. அத்தை எதைத்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. சின்னவன் ஜப்பான் சிலிப்பரோடு ஈரப் பாசியில் ஏறினான். இடுப்பில் கயிறு இல்லை. ஏணியை யாரும் பிடிக்கவில்லை என்று நான்தான் போய்ப் பிடித்தேன். டி.என்.பி. மின்சார வயர் வந்து சேருகிற கூரை முனையிலும் அப்படியே தண்ணீரைப் பீய்ச்சினான். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஓடு வெளுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு வாய் நிறையச் சிரிப்பு. லோங்காங்கில் (வீட்டோரக் கால்வாயில்) சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. எவ்வளவு அழுக்கு பாருங்கள் என்று அக்கம்பக்கத்தில் வேறு பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை லோங்காங்கின் அடியில் ரவை மாதிரி ஏதோ படிந்திருந்தது. எடுத்து விரலில் தேய்த்தேன். நறநறவென்று இருந்தது. அழுக்கு அப்படி இருக்காதே என்று தோன்றியது, ஆனால் அதற்குள் அவர்கள் பெயிண்ட் அடிக்க ஏறிவிட்டார்கள். ஓடு இன்னும் காயவே இல்லை. முன்பக்கம் முடிந்ததும் இன்னொரு 500 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "பின்பக்கம் மழை விட்டதும் வந்து செய்றோம்க்கா." அதோடு சரி. ஒரு வாரம் போனை எடுத்தார்கள், அப்புறம் அந்த நம்பரே வேலை செய்யவில்லை.

அன்று சாயந்திரம் பெய்த மழையில் சாமி அறை சீலிங்கில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம் தெரிந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் அது சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகியிருந்தது. குத்துவிளக்கை நகர்த்தி வைத்துவிட்டு, அந்த இடத்தில் வாளி வைத்துத்தான் பண்டிகை கொண்டாடினோம்.

பக்கத்து லோரோங்கில் (சந்தில்) ஒரு மாமா இருக்கிறார். தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டேன். மேலே ஏறிப் பார்த்துவிட்டு, உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கையில் கொண்டு வந்தார். ஒரு ஓரத்தில் பழைய மேல்தோல் வழவழவென்று இருந்தது. நடுவில் அது போய், சிமெண்டும் மணலும் பல்லிளித்துக்கொண்டு தெரிந்தன. "நீ லோங்காங்குல பார்த்தது அழுக்கு இல்லம்மா, ஓடு."

அவர் விளக்கியதை என் சொல்லில் சொல்கிறேன். ஓடு மழைக்காகப் போட்டது. மழை மேலேயிருந்து கீழே வரும், அதற்கேற்றபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இவர்கள் கீழேயிருந்து மேலே பார்த்து அடித்தார்கள். வீட்டு ரப்பர் குழாயில் மிஞ்சிப்போனால் 60 பி.எஸ்.ஐ. அழுத்தம்தான் வரும். அந்த மாதிரி மிஷின்களில் 2,000, 3,000 என்று வரும். அந்த வேகத்தில் தண்ணீர் ஓட்டின் இடுக்கில் ஏறி மரச் சட்டத்தையும் சீலிங்கையும் நனைக்கும். கூரை முகட்டில் பூசிய சிமெண்டையும் பெயர்த்துவிடும். மேல்தோல் போன ஓடு தண்ணீரை உறிஞ்சும், ஈரம் தங்கினால் பாசி முன்பைவிடச் சீக்கிரம் பிடிக்கும். ஈர ஓட்டின் மேல் அடித்த பெயிண்ட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, உச்சுக் கொட்டினார்.

போதாததற்கு ஐந்து ஓடுகள் விரிசல். ஓட்டில் எங்கே கால் வைப்பது என்றுகூட அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அடிப்பகுதியில்தான் மிதிக்க வேண்டும், நடுவில் மிதித்தால் உடையும். சிங்க் தகட்டுக் கூரை என்றால் திருகாணி வரிசையைப் பிடித்து நடக்க வேண்டுமாம், அதற்கு அடியில்தான் சட்டம் ஓடும்.

பின்பக்கத்தை மாமாவே செய்து தந்தார். மிஷின் இல்லை. மழை வராத காலை நேரமாகப் பார்த்து ஆரம்பித்தார். ஏணியின் கால் சுவரை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும், நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி என்பது அவர் கணக்கு. ஏணியின் தலை கூரை விளிம்பைத் தாண்டி மூன்று அடி நீட்டிக்கொண்டிருந்தது. முகட்டில் கயிறு கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டார். முதலில் இலை தழையைக் கூட்டித் தள்ளினார். என் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே பிளாஸ்டிக் போட்டு மூடச் சொன்னார். மழைத்தண்ணீர் பிடிக்கிற தோம்பையும் நகர்த்தினோம். அப்புறம் துணி வெளுக்கிற குளோராக்ஸையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, தோட்டத்தில் மருந்தடிக்கிற கைப்பம்பில் ஊற்றித் தெளித்தார். கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டுதான். கால் மணி, இருபது நிமிஷம் விட்டு ரப்பர் குழாயில் மேலேயிருந்து கீழே அலசினார். தேய்க்கவே இல்லை. ஒட்டிக்கொண்டிருந்த பாசி இரண்டு மூன்று வார மழையில் தானாக உதிர்ந்தது. குளோராக்ஸோடு கழிவறை ஆசிட் மாதிரி எதையும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். சிங்க் கூரைக்கு இந்த மருந்து வேண்டாம், அரித்துவிடும் என்றார். சோப்புத் தண்ணீரும் மெதுவான பிரஷும் போதுமாம்.

இன்னொன்று. எங்கள் வரிசையில் இன்னொரு வீட்டின் பின்கட்டில் பழைய அஸ்பெஸ்டாஸ் தகடு. அதையும் கழுவித் தருகிறோம் என்று இவர்கள் கேட்டிருக்கிறார்கள். நல்லவேளை, அந்த அண்ணன் விடவில்லை. அஸ்பெஸ்டாஸை மிஷினில் அடித்தால் நார் நாராகப் பிரிந்து பறக்கும், மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்வரை கொண்டுபோய் விடும். அந்தத் தகட்டில் ஏறவும் கூடாது, பழசானால் ஆள் எடையே தாங்காமல் பொத்தென்று உள்ளே விட்டுவிடும்.

பணத்தைத் திரும்பக் கேட்க வழியில்லையா என்று கேட்பீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். நானும் விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பின் பெயர், முகவரி எழுதச் சொல்கிறது. என் கையில் இருந்தது ஒரு ரசீது. அதில் ஒரு கொம்பெனி பெயரும் போன் நம்பரும். எஸ்.எஸ்.எம். (கொம்பெனிப் பதிவு ஆணையம்) பதிவு எண் இல்லை, முகவரி இல்லை. அந்தப் பெயரில் தேடினால் எதுவும் வரவில்லை. யார் மேல் வழக்குப் போடுவது? முன்பணம் கொடுக்கும் முன்னே அந்தப் பதிவு எண்ணைக் கேட்டிருந்தால், எஸ்.எஸ்.எம். இணையத்தளத்தில் தட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வேன் நம்பரையாவது ஒரு படம் எடுத்திருக்கலாம். கேரண்டியை எழுதிக் கொடு என்றுகூட நான் கேட்கவில்லை.

ஓடு மாற்றி, முகட்டைப் பூசி, சாமி அறை சீலிங்கைப் புதுசாகப் போட்டதில் 1,150 வெள்ளி ஆனது. மாமா கூலியாக வாங்கிக்கொண்டது அதில் 300 தான்.

இதெல்லாம் முடிந்து பத்து மாதம் ஆகிறது. முன்பக்கத்துப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, இடையிடையே கறுப்பும் வந்துவிட்டது. பின்பக்கம் வெளிறிய சாம்பல் நிறத்தில் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களை அத்தை இப்போது நேராகப் பின்கட்டுக்குத்தான் கூட்டிப்போகிறார். "முன்னாடி பார்க்காதீங்க, அது மருமக செஞ்சது."