கீழக்கரையில் ஒரு காய்ச்சல் இரவு

நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து மதுரை வந்திறங்கி, கார் பிடித்து கீழக்கரை போய்ச் சேர்ந்தேன். தங்கச்சி வாசலிலேயே நின்றாள். "காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), கோவிச்சுக்காதீங்க. இருமல் நிக்கிற வரைக்கும் உம்மா வீட்டுல இருங்க."

அவள் மகளுக்கு 6 வயது. ரத்தப் புற்றுநோய்க்கு மதுரையில் சிகிச்சை. கடுமையான கட்டம் முடிந்து, இப்போது தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. முடி வளர்ந்துவிட்டது, பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. அதனாலேயே சொந்தக்காரர்கள் தும்மிக்கொண்டே வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறார்கள்.

நான் விலகித்தான் இருந்தேன். ஆனால் உம்மா இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தார். நான்காம் நாள் இரவு பிள்ளைக்கு 101 டிகிரி.

பக்கத்துக் கிளினிக்கில் பாராசிட்டமால் கொடுத்து, காலையில் வரச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது சரி. இவளுக்கு 100.4-ஐத் தாண்டினாலே அவசரம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது வருவது ஃப்ளூவா, ரத்தத்தில் கிருமியா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மாத்திரை சூட்டைக் குறைத்து ஆபத்தை மறைத்துவிடும். தங்கச்சி அதை வாங்கவேயில்லை. மதுரைக்குப் போன் போட்டாள். "பக்கத்தில் எங்கே டிரிப் ஏற்ற முடியுமோ அங்கே போங்க, முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏறணும்" என்றார்கள். கதவுக்குப் பின்னால் தயாராக மாட்டியிருந்த பையில் சிகிச்சைக் கோப்பு, கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், மாற்றுத்துணி. 108 வந்தது.

ராமநாதபுரத்தில் நாங்கள் போன மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் டாக்டரம்மா கோப்பைப் புரட்டினார், மதுரையோடு பேசினார், உடனே டிரிப் போட்டார். மூக்குச் சளியைப் பரிசோதனைக்கு எடுத்தார். முடிவு வரும்வரை காத்திராமல் ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மருந்தையும் தொடங்கிவிட்டார். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகமாம், இந்தப் பிள்ளைகளுக்கு அதைத் தாண்டினாலும் கொடுப்பார்களாம். சிரப் இல்லை. எடைக்கு ஏற்ற கேப்ஸ்யூலைப் பிரித்து, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். அவருக்கு என் நன்றி தீராது. ஆனால் தனி அறை இல்லை. காய்ச்சல் பிள்ளைகள் நிறைந்த வார்டில், மூலைக் கட்டிலில் இவளுக்கு ஒரு மாஸ்க், அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் மதுரை. ஃப்ளூதான், இன்ஃப்ளூயன்சா ஏ வகை. ரத்த அணுக்கள் ஏறும்வரை புற்றுநோய் மாத்திரைகளை நிறுத்தி வைத்தார்கள். ஆறாம் நாள் வீடு. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பிலிருந்து வைரஸ் நெடுநாள் வெளியேறுமாம். காய்ச்சல் விட்ட பிறகும் தனியாகவே வைத்திருக்கச் சொன்னார்கள்.

என் இருமல்தானா என்று தெரியாது. நான் ஊசி போடாமல் வந்தேன் என்பது மட்டும் தெரியும். ஃப்ளூ ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். விமான டிக்கெட் எடுத்த அன்றே போட்டிருக்கலாம். நம் ஊரில் இது இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. கீழக்கரையில் கேட்ட இரண்டு மருந்துக்கடையிலும் கிடைக்கவில்லை. கடைசியில் வீட்டார் ஏழு பேரையும் வேனில் ராமநாதபுரம் கூட்டிப்போய்ப் போட்டேன். முதல் ஊசி உம்மாவுக்கு. பிள்ளைக்கு எப்போது என்பதை மதுரை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவளுக்கும் ஊசிதான், மூக்கில் அடிக்கும் மருந்தில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் அது ஆகாது.